மஞ்சள் கிழங்கழுகலும் நம் பொறுப்பும்

கோபிசெட்டிபாளையம் தாலூகாவில் நன்செயும் தோட்டக்காலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடப்பது இப்பக்கத்தில் பண்ணையம் செய்வோர் யாவரும் அறிந்ததே. கொடிவேரி அணையினின்று பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டும் 24,504 ஏக்கர் நிலத்திற்கு நீர் தருகின்றன. 1955-இல் பவானிசாகர் அணை வேலை முடிந்தபின் வந்த கீழ்பவானிக் கால்வாய், அதனினும் உயர்ந்த மட்டத்தில் ஓடி, முன்னர் மேட்டாங்காடாகக் கிடந்த பூமியை நனைத்துவருகிறது. நெல், கரும்பு, வாழை, மஞ்சள், மல்பெரி ஆகிய ஐந்தும் ஒரே மதகடியில் வெவ்வேறு பங்காளிகளின் நிலத்தில் நிற்கக் காணலாம். இவ்வளவு நீரும் இவ்வளவு வகைப் பயிரும் ஒருங்கே அமைந்தது நம் பாக்கியமே. ஆயினும் இவ்வமைப்பே மஞ்சட் பயிருக்கு ஒரு பெருந்தீங்கையும் விளைத்துவருகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் கோபி வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் உரிய பங்கு உண்டு. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் கிழங்கு வயலிலேயே அழுகிப்போவதைக் குறியீடு தடுக்காது. ஆவணி, புரட்டாசி மாதங்களில் தோட்டத்தைச் சுற்றிவரும் குடியானவர், சில குத்துக்களில் அடியிலைகளின் ஓரம் காய்ந்து, பின்னர் இலை முழுவதும் மஞ்சளித்து, தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர்கோத்து மெதுவாகி, தொட்ட மாத்திரத்தில் சாய்வதைக் காண்கிறார். பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் குறைந்திருக்கும். கிழங்கு தன் செம்மஞ்சள் நிறம் கெட்டுப் பழுப்பாகி நசுங்கும். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் பக்கத்துக் குத்தும் அவ்விதமே ஆகியிருக்கும். இதற்கு மழையின் மிகுதியைச் சிலரும், உரத்தின் கலப்படத்தைச் சிலரும், கண்ணேற்றைச் சிலரும் காரணம் கூறுகின்றனர். என் அபிப்பிராயம் வேறு. இந்த அழுகலை நாமே வைகாசி மாதத்தில் நம் கையால் நட்டு, நம் வாய்க்காலால் நீர் பாய்ச்சி, நம் பக்கத்து வயலுக்கும் அனுப்பிவைக்கிறோம்.

இதைப் பிறரைக் குற்றஞ்சாட்டும் எண்ணத்தோடு நான் எழுதவில்லை. 2010-ஆம் ஆண்டில் மஞ்சள் விலை குவிண்டால் ஒன்றிற்கு 15,000 ரூபாயையும் கடந்து சென்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆசையில் அகப்பட்டவர்களில் அடியேனும் ஒருவன். வழக்கமாக மஞ்சள் வைக்கும் மேட்டுத் தோட்டத்தோடு நில்லாமல், நெல் வயலை அடுத்த பள்ளத்து நிலம் ஒன்றரை ஏக்கரிலும் பார் கட்டினேன். சொந்த விதை போதாமையால் வியாபாரி ஒருவரிடம் மூட்டைக் கணக்கில் விதை வாங்கினேன். அது எந்தத் தோட்டத்துக் கிழங்கு என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. 2011-ஆம் ஆண்டு வைகாசியில் நட்டது நன்றாகவே முளைத்தது. ஆவணிக் கடைசியில் நெல் வயலை ஒட்டிய மூலையில் நாலைந்து குத்துக்கள் சாய்ந்தன. ஐப்பசி மழை பிடித்ததும், தண்ணீர் எந்தெந்தப் பாரின் வழியே வடிந்ததோ அந்தந்தப் பாரின் வழியே, கோடு கிழித்தாற்போல் அழுகல் இறங்கியது. அரை ஏக்கருக்கு மேல் போயிற்று. எஞ்சியதை வெட்டி வேகவைத்து மண்டிக்குக் கொண்டுபோன 2012-இல் விலை நாலாயிரம் ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. விலை ஏறுகிற வருஷமே நோயும் ஏறுகிறது என்று அன்று முதல் நான் சொல்லிவருகிறேன். ஏனெனில் தகாத நிலமும் தெரியாத விதையும் அந்த வருஷத்தில்தான் தோட்டத்திற்குள் நுழைகின்றன.

இனி நோயின் தன்மையைக் கவனிப்போம். இதை உண்டாக்குவது பித்தியம் என்னும் நுண்ணுயிர். சென்னை மாகாணத்து ஆராய்ச்சியாளர்களான டி. எஸ். இராமகிருஷ்ணனும் சௌமினியும் 1954-இல் இதன் ஓரினத்தை மஞ்சள் அழுகலுக்குக் காரணமாக எடுத்துக்காட்டினர். வேறோர் இனமும் இதே வேலையைச் செய்கிறது. பூஞ்சணம் என்று நாம் பொதுவாகக் கூறினாலும் இது மெய்யான பூஞ்சணக் குலத்தைச் சேர்ந்ததன்று; நீர்வாழ் பாசிகளுக்கு உறவான ஒரு குலம். 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைத்ததும் இக்குலத்தைச் சேர்ந்த மற்றொன்றேயாம். இந்த உறவுமுறை வெறும் ஏட்டுச் செய்தியன்று. இவ்வுயிரின் வித்துக்கள் வால்முளைத்து நீரில் நீந்தவல்லவை. மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்து நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவை ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்குச் செல்கின்றன. நீர் வற்றிவிட்டால் தடித்த தோலுடைய வேறொருவகை வித்தாக மாறி, பயிரில்லாத காலத்திலும் மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கிக்கிடக்கும். ஆகவே இந்நோய் ஓரிடத்துக்கு வரும் வழிகள் இரண்டே: கிழங்கோடு வருவது ஒன்று, மண்ணிலும் நீரிலும் வருவது மற்றொன்று. இரண்டு வழிகளின் கதவும் நம் கையிலேயே இருக்கின்றன.

முதலில் விதை. ஏக்கர் ஒன்றிற்கு 600 முதல் 800 கிலோ வரை விதைக்கிழங்கு நடுவது விவசாயக் கலாசாலையாரின் கணக்கு. நம்மவரில் பலர் அதற்கு மேலும் நடுகின்றனர். இத்துணைப் பெரிய செலவை நாம் எவ்வாறு தெரிந்தெடுக்கிறோம்? வெட்டிக் குவித்தபின், விற்பனைக்கு நல்ல விரலியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பருத்திருப்பதைப் பொறுக்குகிறோம். குவியலில் கிடக்கும் கிழங்கு தன் தாய்ச்செடி எவ்விதம் நின்றது என்பதைச் சொல்லாது. நோயுற்ற குத்தின் ஒரு விரல் வெளிக்கு நன்றாகவே தோன்றலாம். விதையைத் தெரிந்தெடுக்க வேண்டிய இடம் களம் அன்று, வயல். காலம் மாசி அன்று, கார்த்திகையும் மார்கழியும். தோகை பசுமையாக நிற்கும்போதே தோட்டத்தினுள் நடந்து, அழுகலின் அடையாளம் ஒன்றேனும் காணாத மேட்டுப்பகுதியைக் குறித்து நாலு மூலையிலும் கம்பு நட்டுவிட வேண்டும். அந்தக் கம்புகளுக்குள் விளைந்ததைத் தனியே வெட்டி, தனியே குவித்து, அதையே விதைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். செலவு நாலு கம்பு, அரை நாள் நடை. இதைச் செய்யும் குடியானவர் ஊருக்கு ஒருவர் இருவர்கூட இருப்பது அரிது.

விதையைச் சேமிப்பதிலும் நம் முன்னோர் வழக்கம் பெரும்பாலும் நல்லதே. மரநிழலில் குவித்து, மஞ்சள் தோகையால் மூடி, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுவது காற்றும் ஈரமும் அளவாக நிற்கும் முறையாகும். குழியில் மணலோ மரத்தூளோ இட்டு எட்டியிலையோடு அடுக்கிவைக்கும் முறையைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் எடுத்துரைக்கின்றனர். ஆனால் குவியலை ஒருமுறையேனும் பிரித்துப் பார்ப்பது அவசியம். கிழங்கின்மேல் சாம்பல் நிறத்துச் சிறு வட்டப் பொருக்குகள் அப்பியிருந்தால் அது செதிற்பூச்சி. வயலில் தொற்றிக் குவியலில் பெருகுவது அதன் இயல்பு. சாறிழந்து சுருங்கிய அக்கிழங்கை நட்டால் முளை இராது; முளைத்தாலும் வலுவிராது. அதைச் சோடையென்று விலை குறைத்து அடுத்த வீட்டுக்காரருக்கு விற்பவரும் உண்டு. அந்த வியாபாரத்தைப் பற்றி இங்கு அதிகம் எழுத விரும்பவில்லை.

நடுமுன் ஒரு லிட்டர் நீருக்கு 3 கிராம் மேங்கோசெப் கரைத்து, அதில் கிழங்கை அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடுவது பல வருஷமாகக் கூறப்பட்டுவரும் முறை. செய்வது நலம். ஆயினும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தமையால் நோய்க்கிழங்கு நல்ல கிழங்காகிவிட்டது என்று எண்ணுவது தவறு. தோலின் மேலுள்ளதை அது தடுக்கும், உள்ளே ஊறியதைத் தடுக்காது. இதனினும் மேலானதென்று நான் கருதுவது, ஒரு கணுவுள்ள சிறு துண்டங்களைக் குழித்தட்டுகளில் மக்கிய தென்னைநார்க் கழிவில் முளைப்பித்து, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட நாற்றாக எடுத்து நடும் முறையாகும். கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தாரும் கோழிக்கோட்டாரும் இதைப் பரப்பிவருகின்றனர். விதை அளவு மிகவும் குறைவது ஒரு லாபம். அதனினும் பெரிய லாபம், அழுகும் துண்டு தட்டிலேயே அழுகிவிடுவது. தட்டைத் தூக்கி எறியலாம், வயலைத் தூக்கி எறிய முடியாது. நாற்றுக்கு ஆள்கூலி அதிகம் என்பது மெய்யே. நாலு ஏக்கர் வைப்பவர் முழுவதையும் அவ்வாறு நட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. விதைக்கென ஒதுக்கும் பத்து சென்டையாவது அவ்வாறு நட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, நிலமும் நீரும். மஞ்சள் ஈரத்தை விரும்பும். நின்ற நீரை வெறுக்கும். வடியும் செம்மண் கலந்த பூமியிலும் வாய்க்கால் வண்டலிலும் அது செழிக்கும். கருங்களி நிலத்தில் உயர்ந்த பார் கட்டி நட்டால் ஒருவாறு விளையும். கீழ்பவானிக் கசிவு ஊறும் பள்ளங்களிலோ நெல் வயலுக்குக் கீழ்மடையிலோ மஞ்சள் வைப்பது, தெரிந்தே குழியில் இறங்குவதாகும். ஓர் எளிய சோதனை கூறுவேன். சித்திரையில் நிலத்தின் தாழ்ந்த மூலையில் முழங்கால் ஆழம் குழி வெட்டி, அதை நீரால் நிரப்பி, மறுநாட் காலையில் பார்க்கவும். நீர் அப்படியே நின்றால் அந்த மூலைக்கு மஞ்சள் வேண்டாம், நெல்லுக்கு விட்டுவிடலாம். பாசனமும் நாள்கணக்கில் அன்றி மண்கணக்கில் பாய்ச்ச வேண்டும். வாய்க்கால் முறை வந்துவிட்டது, விட்டால் அடுத்தவர் மடையைத் திருப்பிக்கொள்வார் என்னும் எண்ணத்தில், ஈரம் உலராத பாருக்கு மீண்டும் நீர் பாய்ச்சுவது நம் நன்செய்ப் பழக்கம். நெல் அதைப் பொறுக்கும்.

மஞ்சளித்த இலையெல்லாம் அழுகல் என்று பதறுவதும் கூடாது. சுக்கான்கல் மிகுந்த நிலங்களில் இளங்குருத்து இலையே முதலில் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்து எட்டாமையால் வருவது. அன்னபேதி கரைத்துத் தெளித்தால் தெளிந்துவிடும். அழுகலோ அடியிலையில் தொடங்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காயும். கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஒன்றிற்கு மற்றொன்றின் மருந்தை இட்டுக் காசைக் கரைப்பதைக் காட்டிலும், ஒரு குத்தைத் தோண்டிப் பார்ப்பது மலிவு.

மருந்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சணத்துக்கு என்று கடையில் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் கார்பண்டசிம். மெய்யான பூஞ்சணங்கள் பலவற்றை அது அடக்குமாயினும், முன்னர்க் கூறியபடி பித்தியம் வேறு குலமாதலால் அதனிடம் அம்மருந்து செல்லாது. தாமிர ஆக்ஸிகுளோரைடை வேர்ப்பகுதியில் ஊற்றுவதோ, மெட்டலாக்சில் கலந்த மருந்தை இடுவதோதான் பயன் தரும். அதுவும் நோய் கண்ட குத்தைக் காப்பாற்றுவதற்கன்று, அதைச் சுற்றியுள்ள நல்ல குத்துக்களைக் காப்பதற்கே. அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்க. எஞ்சிய மருந்து மண்டியில் சரக்கைத் தள்ளுபடி செய்யவும் காரணமாகலாம். இனி, அழுகிய கிழங்கைப் பிளந்தால் புழு நெளிவதைக் கண்டு, புழுவே அழுகலுக்குக் காரணமென்று பூச்சிமருந்து ஊற்றுவோர் பலர். அந்த ஈயின் புழுக்கள் பெரும்பாலும் அழுகலைத் தொடர்ந்து வருவனவேயன்றி முந்தி வருவன அல்ல என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. பிணத்தில் மொய்க்கும் ஈயைக் கொலைகாரன் என்று பிடித்துக்கொடுப்பது போன்ற காரியம் இது. தண்டு துளைக்கும் புழு வேறு. அதனால் குருத்துக் காயும், துளையில் எச்சம் தெரியும். அது வரப்பிலும் ஊடுபயிராகவும் நிற்கும் ஆமணக்கிலிருந்து வருகிறதென்று நெடுநாளாக ஆமணக்கின்மேல் பழி சுமத்தப்பட்டது. 2018-இல் ஏலம், இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைத் துளைப்பதைத் தனியோர் இனமாக ஆராய்ச்சியாளர் பிரித்தெழுதியுள்ளனர். ஆகையால் ஆமணக்கை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை.

டிரைக்கோடெர்மா என்னும் நற்பூஞ்சணத்தைப் பற்றிக் கேட்காதார் இன்று இல்லை. ஏக்கருக்கு ஒரு கிலோவை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இருவாரம் வைத்திருந்து இடுவதே முறை. அவ்வாறின்றிப் பையைப் பிரித்துப் பாரில் தூவி, மறுநாளே தாமிர மருந்தை ஊற்றுகிறவர்கள், நண்பனையும் பகைவனையும் ஒரே அறையில் பூட்டித் தீ வைக்கிறார்கள். அதன்பின் ‘இயற்கை மருந்து வேலை செய்யவில்லை’ என்று புகார் வேறு.

மூன்றாவது, பயிர்மாற்றம். இதில் நில உடைமையாளர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அழுகல் கண்ட நிலத்தில் மூன்று நான்கு வருஷமேனும் மஞ்சள் வைக்கலாகாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். ஒப்புக்கொண்டபின் மறுவருஷம் குத்தகைக்கு விடுகின்றனர். ஒரு வருஷக் குத்தகையில் நிலத்தை ஏற்பவர் அவ்வருஷத்தில் அதிகப் பணம் தரும் பயிரை அன்றி வேறெதை வைப்பார்? சென்ற வருஷம் அங்கே என்ன அழுகியது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவர் நஷ்டப்பட்டுப் போகிறார். அடுத்த வருஷம் இன்னொருவர் வருகிறார். நோய் மட்டும் நிரந்தரக் குடியாகிறது. குத்தகையை மூன்று வருஷத்திற்கு எழுதி, அதில் ஒரு வருஷமே மஞ்சள் என்று விதித்து, அதற்கேற்பத் தொகையைக் குறைத்துக்கொள்வது நில உடைமையாளருக்கு நஷ்டமன்று. பூமி அவருடையது, கெட்டால் அவருடையதே கெடுகிறது.

பயிர்மாற்றம் என்ற பெயரில் மஞ்சளுக்குப் பின் வாழை, வாழைக்குப் பின் மஞ்சள் என்று சுற்றிவருவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோபிப் பக்கத்தில் இது பெருவழக்கு. பணக்கணக்கில் இது மாற்றம். வேரைத் தின்னும் நூற்புழுவின் கணக்கில் இது ஒரே விருந்து. வேரில் முடிச்சுப்போடும் நூற்புழுவும் வேரைத் துளைத்துச் செல்லும் நூற்புழுவும் வாழைக்கும் மஞ்சளுக்கும் பொதுவானவை. அவை உண்டாக்கும் காயத்தின் வழியே அழுகல் எளிதில் நுழைகிறது. நெல்லோ இவ்விஷயத்தில் நமக்கு ஓர் அருமருந்து. சேறடித்து நீர் கட்டிய ஒரு போகத்தில் முடிச்சுப் புழுக்கள் பெரிதும் குறைகின்றன. நீர் கட்ட வழியில்லாத கிணற்றுத் தோட்டங்களில் ராகியோ சோளமோ ஒரு போகம் வைக்கலாம். இடையில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழலாம். செண்டுமல்லி வைத்தாலும் நூற்புழுவுக்கு ஆகாது, பூவிலும் காசு வரும். ஆட்டுப்பட்டி போடுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். அதை விடாதிருப்பது நலம். நெல்லுக்குப்பின் மஞ்சள் வைப்பவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேறடித்த நிலத்தின் அடியில் இறுகிய தட்டு உடையும்வரை கோடையில் ஆழ உழாவிட்டால், நெல்லின் நன்மையை நீர்த்தேக்கம் தின்றுவிடும்.

பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி. எஸ். ஆர். 1, பி. எஸ். ஆர். 2 முதலிய ரகங்களும், கோழிக்கோட்டிலிருந்து வந்த பிரதிபா முதலியனவும் நம் ஈரோட்டு நாட்டு ரகத்தோடு போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு சிறப்பு. அழுகல் அணுகாத ரகம் என்று சொல்லி விற்பவரை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் ஒருவர் தம் தோட்டத்தினுள் செய்யத்தக்கவை. ஆனால் என் தோட்டத்தின் வடிகால் உங்கள் தோட்டத்தின் வாய்க்காலாக இருக்கும்வரை, நான் ஒருவன் ஒழுங்காக இருந்தும் நீர் ஒருவர் ஒழுங்காக இருந்தும் பயன் பாதியே. இதற்கு ஓர் எதிரான உதாரணம் நம் கண்முன் நிகழ்ந்தது. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ப் பக்கம் முதலிற் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெண்மாவாக மூடியது. மல்பெரியைப் பிடுங்கி எறிந்த பட்டுக் குடியானவர்கள் பலர். மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சியான அதற்கு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டுப் பரப்பப்பட்டது. சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. குளவிக்கு வரப்பு தெரியாது. உழைத்தவன் தோட்டம், உழைக்காதவன் தோட்டம் என்ற பேதமின்றி எல்லோரையும் அது காத்தது. மஞ்சள் அழுகலுக்கு அத்தகைய குளவி இல்லை. இங்கே வரப்பைக் கடப்பது நோய் ஒன்றே, மருந்து கடப்பதில்லை.

ஆகவே ஊராட்சித் தலைவர்களுக்கும் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் பாசன சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். வாய்க்கால் தூர்வாரும்போது நாம் நீர் வரும் கால்களை வாருகிறோம். நீர் போகும் கால்களை மறந்துவிடுகிறோம். பல ஊர்களில் பழைய வடிகால்கள் வரப்போடு வரப்பாகச் சேர்த்து உழப்பட்டுவிட்டன. வரைபடத்தில் ஓடையென்று இருப்பது நிலத்தில் வாழைத்தோப்பாக இருக்கிறது. நீர் போக்கிடமின்றிப் பக்கத்துத் தோட்டத்தில் ஊறுகிறது. நில அளவைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சித்திரை மாதத்தில், நெல்காரரையும் மஞ்சள்காரரையும் ஒருங்கே கூட்டி அந்த வடிகால்களை நடந்து பார்ப்பது அலுவலர்களின் அதிகாரத்திற்கு உட்பட்டதே. ஆக்கிரமிப்பு என்று நோட்டீசு கொடுத்தால் வழக்கு வளரும். இருதரப்பாரும் முழங்கால் நீரில் நிற்கும்போது பேசினால் பாதி வழக்கு அங்கேயே தீரும். இவ்வாறு இரண்டு பங்காளிகள் தாமே ஒரு முழ அகலக் கால் விட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். முன்னதாக அவர்கள் ஆறு வருஷம் பேசாதிருந்தவர்கள்.

மற்றொன்று, பிடுங்கிய நோய்க்குத்துக்களை எங்கே போடுவது என்பது. பெரும்பாலோர் வாய்க்காலில் எறிகின்றனர். கீழ்மடையார் அந்நீரையே பாய்ச்சுகின்றனர். தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல் வாய்க்கால் அதை விலாசம் தவறாமல் சேர்க்கிறது. குத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி, மேட்டில் வெயிலில் காயப்போட்டு எரித்துவிட வேண்டும். அள்ளிய குழியில் தாமிர மருந்தை ஊற்ற வேண்டும். அந்தப் பாருக்கு வரும் மடையை அடைத்து, தனியே நீர் திருப்ப வேண்டும். மம்பட்டியையும் காலையும் கழுவாமல் அடுத்த பாருக்குப் போகக் கூடாது. குப்பைமேட்டில் போட்டு எருவாக்கலாம் என்பாரும் உளர். நன்றாகச் சூடேறி மக்காத குப்பையில் அது எருவாகாது, விதையாகும்.

விதை வியாபாரத்தில் ஒரு சிறு ஒழுங்கு ஏற்படுத்துவதும் கடினமன்று. கோபியிலும் ஈரோட்டிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் மஞ்சள் ஏலம் நடத்திவருகின்றன. முதிர்ந்த மஞ்சளைத் தரம்பிரிக்கத் தெரிந்த சங்கத்தார், விதைமஞ்சளுக்கு மட்டும் ‘இன்ன ஊர், இன்ன தோட்டம், மார்கழியில் இன்னார் பார்த்தார்’ என்று ஒரு சீட்டுக் கட்டச் செய்யலாகாதா? மைராடா வேளாண் அறிவியல் நிலையம் கோபியிலேயே உள்ளது. உதவி வேளாண் அலுவலர்கள் உளர். மார்கழியில் பத்துத் தோட்டங்களைப் பார்த்துக் கையொப்பம் இடுவது அவர்களுக்குப் பெருஞ்சுமை ஆகாது. சீட்டில்லா விதை மலிவாகவும் சீட்டுள்ள விதை கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகவும் விற்குமானால், ஏக்கருக்கு 800 கிலோ நடுபவருக்கு அது 4,000 ரூபாய். நான் 2011-இல் இழந்த அரை ஏக்கரின் கணக்கை வைத்துப் பார்த்தால், அந்தத் தொகையை அன்றே எண்ணிக் கொடுத்திருப்பேன்.

வரும் மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. தம் தோட்டத்தில் கம்பு நட்டு விதைப்பகுதியைக் குறிக்க விரும்புவோர், ஐப்பசி மழை விட்ட முதல் வாரத்திலேயே ஒருமுறையும், கார்த்திகைக் கடைசியில் மறுமுறையும் சுற்றிவருவது உத்தமம். முதற் சுற்றில் நன்றாக நின்ற குத்து இரண்டாம் சுற்றில் சாய்ந்திருக்கக் கூடும். தோகை காய்ந்தபின் பார்ப்பது பயனில்லை, அப்போது எல்லாக் குத்தும் ஒன்றுபோலவே மஞ்சளித்திருக்கும்.